பச்சைப் பொத்தான்

முதல் நாள் மிதுனா அதைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டாம் நாள் கடித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சுகந்தி அவளை மடியில் உட்கார வைத்து, அவளுக்குப் பிடித்த மாதிரி இரண்டு தோள்களையும் அழுத்திக் கொடுத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பட்டையைத் தலையில் சுற்றிப் பின்னால் கொக்கியை மாட்டினாள். வேறு யார் கையையும் மிதுனா அவ்வளவு கிட்டத்தில் விடமாட்டாள். அதனால்தான் அந்த வேலையைச் சுகந்தியிடம் கொடுத்தார்கள்.

நீல நிறப் பின்னல் துணியில் செய்த பட்டை அது. காதுகளுக்கு மேலே உட்காரும். தூரத்திலிருந்து பார்த்தால் ஹேர்பேண்ட் என்றுதான் தோன்றும். துணிக்குள் இருந்த மெல்லிய தகடுகள் மூளையில் ஓடும் மின்னோட்டத்தைப் படித்தன. தேவைப்படும்போது தாங்களும் சிறுசிறு துடிப்புகளை அனுப்பின. தயாரித்த நிறுவனம் அதற்குச் ‘சாந்தம்’ என்று பெயர் வைத்திருந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் இருந்த அந்த உதவிபெறும் பள்ளியில் சுகந்தி பதினோரு வருடமாகச் சிறப்பாசிரியை. மிதுனா நான்காம் வகுப்பு. ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. சொந்தமாக வார்த்தை சேர்த்துப் பேச வராது. பிறர் தன்னிடம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுவாள். பசித்தால், “சாப்பிட்டியா கண்ணு?” என்று கேட்பாள். அவளிடம் அவள் அம்மா கேட்பது அது.

நமக்கெல்லாம் ஃபேன் ஓடும் சத்தம் கொஞ்ச நேரத்தில் காதிலிருந்து மறைந்துவிடும். மிதுனாவுக்கு மறையாது. ஃபேன், டியூப்லைட்டின் ரீங்காரம், பெஞ்சை இழுக்கும் கிறீச்சொலி, ஐம்பத்தோரு பிள்ளைகளின் மூச்சு, பக்கத்துத் தெரு நிட்டிங் மிஷின்கள், எல்லாம் ஒரே அளவில், ஒரே நேரத்தில் உள்ளே வரும். தாங்க முடியாமல் போகும்போது முன்னும் பின்னுமாக ஆடுவாள். அதுவும் போதாதபோது காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். கடைசியில் தன் மணிக்கட்டையே கடிப்பாள்.

நான்கு வருடமாகச் சுகந்தி அந்த வகுப்பறையோடு மல்லுக்கட்டியிருந்தாள். பழைய டென்னிஸ் பந்துகளைக் கீறிப் பெஞ்சுக் கால்களுக்கு மாட்டிவிட்டாள். டியூப்லைட்டுக்குக் காடாத்துணி கட்டினாள். அந்தக் கட்டடத்துக்கு மட்டும் மணி அடிக்க வேண்டாம், கையசைத்தால் போதும் என்று தலைமையாசிரியையிடம் கெஞ்சி வாங்கினாள். வகுப்பின் பின்மூலையில் ஒரு சின்னக் கூடாரம். அதற்குள் கனமான போர்வை, மெல்லுவதற்கு ரப்பர் குழாய். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர்த் தொட்டிவரை ஒரு நடை. ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்கள் எழுதிய ஓர் அட்டையும் செய்து கொடுத்திருந்தாள். சத்தம் எவ்வளவு வலிக்கிறது என்று மிதுனா அதில் விரல் வைத்துக் காட்டுவாள். மூன்று என்றால் சுகந்தி அவளை வெளியே கூட்டிப்போவாள்.

இவ்வளவு செய்தும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது மிதுனா வெடித்து அழத்தான் செய்தாள். மற்ற பெற்றோர் மனு கொடுத்தார்கள். வகுப்பாசிரியர் இடமாற்றம் கேட்டார். அந்த நேரத்தில்தான் சாந்தம் வந்தது.

நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர் நிகிலேஷுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். சென்னைக்காரன். ஆசிரியர் அறையில் டேப்லெட்டைத் திறந்துவைத்து விளக்கினான்.

“பிள்ளை நிலைகுலையப் போறதுக்குச் சில நொடி முன்னாடியே மூளையில ஒரு அலை எழும்பும் மேடம். பட்டை அதைக் கண்டுபிடிச்சு, மெல்லிசா ஒரு துடிப்பு கொடுத்து அமுக்கிடும். வலிக்காது.”

“எங்க துடிப்பு கொடுக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும் தம்பி?”

“அத நீங்கதான் சொல்லித் தரப்போறீங்க.” டேப்லெட்டில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. “பிள்ளை அமைதியா இருந்தா பச்சை. இல்லேன்னா சிவப்பு. ஆறு வாரம் இத மட்டும் செஞ்சாப் போதும். ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு மாதிரி. பட்டை அங்கங்க முயற்சி பண்ணிப் பாக்கும். எதுக்குப் பச்சை விழுதோ அதக் கத்துக்கும். அப்புறமும் எப்ப அமுக்குனாலும் அதுக்கேத்த மாதிரி மாத்திக்கும்.”

சுகந்தி ஆறு வாரம் மிக நேர்மையாக அமுக்கினாள். முதல் வாரம் பெரும்பாலும் சிவப்பு. இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதி. நான்காம் வாரம் ஒருநாள் காலையிலிருந்து மதியம்வரை ஒரு சிவப்புகூட இல்லை. மிதுனா நேராக உட்கார்ந்திருந்தாள். ஆடவில்லை, கையைத் தட்டவில்லை, ரப்பர் குழாயைத் தேடவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வெரிகுட், மிதுனா வெரிகுட்” என்று வகுப்பாசிரியர் அவள் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சுகந்தி கழிப்பறைக்குப் போய் ஐந்து நிமிடம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகப் போயின. கூடாரம் இருந்த இடத்தில் ஸ்மார்ட் போர்டுக்கான பேட்டரி பெட்டியை வைத்தார்கள். காடாத்துணி தூசி படிகிறது என்று ஆயா அவிழ்த்துத் துவைத்தாள், திரும்பக் கட்டவில்லை. டென்னிஸ் பந்துகளைப் பிள்ளைகள் கழற்றிக் கிரிக்கெட் விளையாடினார்கள். மணி மறுபடி அடித்தது. நாற்பது வயதான அந்தப் பித்தளை மணியை எடுத்துவிட்டு, புதிதாக வாங்கிய மின்மணியைப் போட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி நடையும் நின்றது. பாடம் கெடுகிறது, பிள்ளைதான் அமைதியாக இருக்கிறதே, எதற்கு என்று தலைமையாசிரியை உமாராணி கேட்டார். கெட்ட எண்ணத்தோடு யாரும் எதையும் எடுக்கவில்லை. தேவையில்லை என்று தோன்றியது, எடுத்தார்கள்.

மிதுனாவின் அம்மா கோகிலா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். லாரியோடு போன கணவன் மிதுனாவுக்கு நான்கு வயதானபோதே வருவதை நிறுத்திவிட்டான். ஆகஸ்டில் ஒருநாள் கோகிலா ஒரு டப்பா நிறைய அதிரசத்தோடு பள்ளிக்கு வந்தாள்.

“காங்கேயத்துல எங்க சித்தி மகளுக்குக் கல்யாணமுங்க டீச்சர். மேளம் அடிக்கறாங்க, மைக்கு அலறுது. எம்புள்ள அப்படியே பொம்மையாட்ட உக்காந்திருக்கறா. பந்தியில உக்காந்து சாப்பிட்டோமுங்க. ஒம்பது வருசத்துல ஒருத்தரும் எங்களத் திரும்பிப் பாக்காத முதல் விசேசம் இதுதானுங்க.” சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க நல்லா இருக்கோணும்.”

போகும்போது ஒரு விஷயம் கேட்டாள். “வீட்டுக்கு வந்து கழட்டுனா மட்டும் ரெண்டு மணி நேரம் கத்தறாளுங்க. நிக்கவே மாட்டேங்கறா. கம்பெனிக்குப் போன் போட்டேன். பழக்கமாகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், தூங்கற வரைக்கும் கழட்டாதீங்கன்னு சொன்னாங்க. அப்படியே வுட்டுட்டனுங்க. சரிதானுங்களே?”

“அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் சுகந்தி.

அக்டோபரில் பள்ளியில் பல் பரிசோதனை முகாம் நடந்தது. மிதுனாவின் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் தேய்ந்திருப்பதாகவும், தாடையை எந்நேரமும் இறுக்கிக் கடிக்கிறாள் என்றும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். எடையும் நான்கு கிலோ குறைந்திருந்தது. சுகந்தி அந்தச் சீட்டை மடித்துக் கோப்பில் வைத்தாள். டேப்லெட்டில் அந்த மாதம் முழுக்கப் பச்சையாக இருந்தது.

நவம்பரில் பள்ளிச் சுவருக்கு அந்தப்பக்கம் போர்வெல் போட வண்டி வந்தது. காலை பத்தரை மணிக்குத் துளைக்க ஆரம்பித்தார்கள். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. பிள்ளைகள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்துக் கத்தினார்கள். வகுப்பாசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மிதுனா மட்டும் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்து, அசையாமல் இருந்தாள்.

சுகந்தி அவளுடைய நோட்டை எடுக்கக் குனிந்தபோது கை அவள் கைமேல் பட்டது. மிதுனாவின் உள்ளங்கை ஐஸ் தண்ணீரில் நனைத்தது போல் இருந்தது. மேஜையில் வியர்வை ஒரு கையளவு தேங்கி நின்றது. சுகந்தி மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். எண்ணி முடித்துவிட்டு, தவறாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினாள். நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு. நூறு மீட்டர் ஓடி வந்த பிள்ளையின் நாடி அது.

அவளை அணைத்துத் தூக்கிக்கொண்டு, கட்டடத்தின் கடைசியில் இருந்த பழைய ஸ்டோர் ரூமுக்குப் போனாள். கதவைச் சாத்தி, கொக்கியைக் கழற்றினாள்.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மிதுனாவின் வாய் திறந்தது. சுகந்தி இத்தனை வருடத்தில் கேட்டறியாத ஒரு சத்தம் வந்தது. கத்தினாள், தரையில் விழுந்து புரண்டாள், மணிக்கட்டைக் கடித்தாள். கத்தலுக்கு நடுவே வார்த்தை வந்தது.

“வெரிகுட்! மிதுனா வெரிகுட்! வெரிகுட்! வெரிகுட்!”

சுகந்தி அவள்மேல் கவிழ்ந்து, தன் எடை முழுவதையும் கொடுத்து அழுத்திப் பிடித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கொஞ்சம் அடங்கிய பிறகு, தன் பையின் அடியில் கிடந்த பழைய எண் அட்டையை எடுத்து முன்னால் வைத்தாள். மிதுனா ஐந்தில் விரல் வைத்தாள். சுகந்தி கீழே கிடந்த பட்டையைக் காட்டி, “இது இருக்கறப்ப?” என்று கேட்டாள். மிதுனா ஐந்தில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. நகம் வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

பட்டை கட்டியதால் சத்தம் குறையவில்லை. கத்தத்தான் முடியாமல் போயிருந்தது.

மறுநாள் பட்டை இல்லாமல் மிதுனாவை வகுப்பில் விட முடியாது என்று உமாராணி சொல்லிவிட்டார். “மத்த ஐம்பது பிள்ளைங்களையும் நான் பாக்கணும் சுகந்தி. நேத்து நீங்க ஸ்டோர் ரூம்ல இருந்தப்ப அந்தச் சத்தம் கேட்டு ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க அழுதுச்சுங்க. கம்பெனிக்கு எழுதுங்க, வேண்டாங்கல. அது வரைக்கும் இருக்கட்டும்.”

சுகந்தி கம்பெனிக்கு எழுதினாள். அதோடு தன் கையில் இருந்த ஒரே ஆயுதத்தையும் எடுத்தாள். டேப்லெட்டைத் திறந்து சிவப்பை அமுக்கினாள். மிதுனா பொம்மை போல உட்கார்ந்திருக்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிவப்பு. இங்கே எல்லாம் தப்பாக நடக்கிறது என்று எங்கோ ஒரு திரையில் யாரோ பார்க்கட்டும் என்று நினைத்தாள். மதியம்வரை முப்பது தடவை அமுக்கியிருப்பாள்.

மதிய உணவு வேளையில் மிதுனாவின் வாயில் வைத்த சோறு அப்படியே இருந்தது. அவள் மெல்லவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்தது. கண் இமைப்பதுகூட எண்ணி எண்ணித்தான் வந்தது. சுகந்தி அவளை உலுக்கினாள். அந்த நேரத்தில் அலைபேசி அடித்தது.

“மேடம், நிகிலேஷ் பேசறேன்.” அவன் குரலில் பதற்றம். “சிவப்பு அமுக்கறத உடனே நிறுத்துங்க. தயவுசெஞ்சு பச்சை அமுக்குங்க.”

“எதுக்கு? புள்ள துடிச்சிட்டிருக்கறா, நான் பச்சை அமுக்கணுமா?”

“சிவப்புன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான் மேடம். இன்னும் அடங்கலன்னு நினைச்சுக்கும். இன்னும் இறுக்கும். இப்ப அமுக்குங்க, அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க.”

சுகந்தி பச்சையை அமுக்கினாள். நான்காவது தடவை அமுக்கிய பிறகு மிதுனாவின் தொண்டை அசைந்து, சோறு உள்ளே இறங்கியது.

இரண்டு நாள் கழித்து நிகிலேஷ் நேரில் வந்தான். பள்ளி விட்ட பிறகு, காலியான வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் மடங்கி உட்கார்ந்துகொண்டு பேசினான். நாற்பத்தைந்து வயதுப் பெண் தன் எதிரில் நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பது அவனுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு தடவை எழுந்தான். சுகந்தி உட்காரச் சொன்னாள்.

“ரெண்டு வழி இருக்கு மேடம். சத்தம் மூளைக்குள்ள வர்ற வாசல்லயே அதக் குறைக்கறது ஒரு வழி. நாங்க செய்ய நினைச்சது அதத்தான். ஆனா அந்த வாசல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு இடத்துல இருக்கும். தேடிப் பிடிக்க மாசக்கணக்கா ஆகும். இன்னொரு வழி, உடம்பை அசைக்கச் சொல்லி உத்தரவு கிளம்பற இடம். அது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே இடம். அதத் தடுத்துட்டா பிள்ளை ஆடாது, கத்தாது.”

“அப்ப மிதுனாவுக்கு ரெண்டாவது.”

“பட்டைக்கு எது சரி, எது தப்புன்னு தெரியாது. எதுக்குப் பச்சை விழுந்துச்சோ அதச் செஞ்சுது.”

சுகந்தி தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். அந்த ஆறு வாரமும் ஒவ்வொரு நாளும் அவள் விரல் அமுக்கிய பச்சைகள். கையைத் தட்டாமல் இருந்ததற்கு ஒன்று. ஆடாமல் இருந்ததற்கு ஒன்று. எழுந்து ஓடாமல் இருந்ததற்கு ஒன்று.

“வலிக்குதா இல்லையான்னு கேக்கறதுக்கு அதுல எதுவுமே வெக்கலியா?”

“அதுக்குப் பொத்தான் இல்ல மேடம்.”

“உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

அவன் மேஜையில் யாரோ காம்பஸால் கீறியிருந்த பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தான். “சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகலாம்னு ஒரு குறிப்பு எழுதி வெச்சிருந்தோம். நிறைய பிள்ளைங்களுக்கு உண்மையிலேயே சத்தம் குறைஞ்சிருக்கு மேடம். அதுங்க இப்ப சந்தோஷமா இருக்குதுங்க. ஆனா எந்தப் பிள்ளைக்குக் குறைஞ்சது, எந்தப் பிள்ளைக்குக் குறையலன்னு வெளியில இருந்து பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. ரெண்டும் ஒரே மாதிரிதான் உக்காந்திருக்கும்.”

“நான் கண்டுபிடிச்சேனே. கையத் தொட்டுப் பாத்தேன்.”

“அத எழுதுங்க மேடம்” என்றான் நிகிலேஷ் சட்டென்று நிமிர்ந்து. “நாடித்துடிப்ப நாள்வாரியா எழுதுங்க. எந்த நேரம், என்ன சத்தம், எவ்வளவு துடிப்புன்னு. ஆதாரம் இருந்தா மறுக்க முடியாது. நானே மேல கொண்டுபோறேன்.”

அவன் உண்மையாகத்தான் சொன்னான். அதில் சுகந்திக்குப் பின்னாளிலும் சந்தேகம் வரவில்லை.

எழுதத் தொடங்குவதற்கு முன் அவள் கோகிலாவைப் பார்க்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஓட்டு வீட்டின் ஒற்றை அறை. மிதுனா பட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுகந்தி ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கோகிலா கேட்டுக்கொண்டே துணிகளை மடித்தாள். மடித்ததையே அவிழ்த்து மறுபடி மடித்தாள்.

“கழட்டிரலாம் கோகிலா. நான் பழையபடி எல்லாத்தையும் செஞ்சு தர்றேன். கூடாரம், நடை, எல்லாம்.”

“ஸ்கூல்ல வெச்சுக்குவாங்களா டீச்சர்?”

சுகந்தியால் பொய் சொல்ல முடியவில்லை. “பேசிப் பாக்கறேன்.”

“இது நாலாவது வீடுங்க. முன்னாடி மூணு வீட்டுலயும் புள்ள கத்தறான்னு காலி பண்ணச் சொன்னாங்க. ஒரு வீட்டுல மாடியில இருந்து தண்ணிய ஊத்துனாங்க, எம்புள்ள மேல. கம்பெனியில வாரத்துக்கு ரெண்டு நாள் ஸ்கூல்ல இருந்து போன் வரும், வேலைய வுட்டுப்போட்டு ஓடியாருவேன். இப்ப நாலஞ்சு மாசமா ஒரு போன் இல்ல. லைன்ல என்னைச் சூப்பர்வைசராப் போட்டிருக்கறாங்க.” கோகிலா மகளைப் பார்த்தாள். குரல் தணிந்தது. “எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறீங்களா? பெத்தவளுங்க நானு. பட்டையோடயே இருக்கறப்ப கண்ணுல இருந்து சும்மா தண்ணி வரும். மூஞ்சி அப்படியே இருக்கும், தண்ணி மட்டும் வரும். தூசி வுழுந்திருக்கும்னு தொடச்சு வுடுவேன். அப்படித்தான் நெனச்சுக்குவேன். வேற என்னத்த நெனைக்கச் சொல்றீங்க?”

“அவளுக்கு வலிக்குது கோகிலா.”

“முன்னாடியும் வலிச்சுதுங்க. அப்ப வலியும் இருந்துச்சு, ஊர்ல அத்தன பேரு ஏச்சும் இருந்துச்சு.” துணியைத் தலையணை ஓரம் வைத்தாள். “மாட்டி வுட்டது நீங்கதானுங்க டீச்சர். நான் கேக்கல. இப்ப வந்து கழட்டச் சொன்னா நாங்க எங்க போறது?”

சுகந்தி எழுந்தாள். கோகிலா வாசல்வரை வந்தாள். “உங்கள வையலீங்க” என்றாள். “வலியக் குறைக்கற மாதிரி அதச் சரிபண்ணித் தரச் சொல்லுங்க. உங்க காலத் தொட்டுக் கும்புடறேன். கழட்ட மட்டும் சொல்லாதீங்க.”

ஆகவே சுகந்தி எழுதினாள். நாற்பது பள்ளி நாட்கள். மிதுனாவின் நாடியை மட்டுமல்லாமல், மற்ற வகுப்புகளில் பட்டை கட்டியிருந்த மூன்று பிள்ளைகளின் நாடியையும் எழுதினாள். காலை வழிபாட்டு ஒலிபெருக்கி: நூற்று முப்பத்தாறு. மின்மணி: நூற்று நாற்பது. மதியச் சாப்பாட்டுக் கூடம்: நூற்று ஐம்பத்திரண்டு. நான்கில் இரண்டு பிள்ளைகளின் நாடி எப்போதும் இயல்பாகவே இருந்தது. நிகிலேஷ் சொன்னது உண்மை. மற்ற இருவரின் உடம்பு மட்டும் அசையாமல் உட்கார்ந்தபடியே நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை வியர்வை, தாடை இறுக்கம், காரணமில்லாத கண்ணீர் எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்தாள்.

ஜனவரியில் சாந்தம் திட்டத்தின் மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். மரியாதையாக நடந்துகொண்டார்கள். நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஒரு பெண்மணி மிதுனாவின் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார். “இவ்வளவு கவனமான பதிவை நாங்க வேற எந்தப் பள்ளியிலயும் பாக்கல” என்றார். “இதை இப்படியே விடமாட்டோம்.” உமாராணிகூட அன்று மாலை சுகந்தியைக் கூப்பிட்டு, “நான் உங்க பேச்சை முன்னாடியே கேட்டிருக்கணும்” என்றார்.

பள்ளிக்கு மறுபடி டென்னிஸ் பந்துகள் வாங்கலாமா என்று சுகந்தி கேட்டாள். குழுவின் முடிவு வரட்டும் என்றார் உமாராணி.

பிப்ரவரி கடைசியில் முடிவு வந்தது. பட்டைகள் எதையும் திரும்பப் பெறவில்லை. புதிய பதிப்பு ஒன்று எல்லாப் பட்டைகளுக்கும் தானாகவே இறங்கியது. கூடவே வந்த கடிதத்தில் பள்ளிக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். சுகந்தியின் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். அவள் அனுப்பிய பதிவுகள் மிகவும் உதவின என்றும், உடலில் தெரியும் பதற்றத்தின் அடையாளங்களான நாடித்துடிப்பு, வியர்வை, தாடை இறுக்கம், கண்ணீர் ஆகிய நான்கையும் இனிமேல் பட்டையே கண்காணித்து இயல்பு நிலையில் வைத்துக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தது.

சுகந்தி கம்பெனி எண்ணில் நிகிலேஷை அழைத்தாள். அவன் அந்த வேலையில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

மின்மணி அடிக்கும் நேரம் பார்த்து அவள் மிதுனாவின் பக்கத்தில் போய் மணிக்கட்டைப் பிடித்தாள். எழுபத்தெட்டு. உள்ளங்கை உலர்ந்து, இளஞ்சூடாக இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் எண்பது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தாடையைத் தொட்டுப் பார்த்தாள், தளர்ந்திருந்தது. இப்போது உண்மையிலேயே வலி குறைந்துவிட்டதா, அல்லது வலியைச் சொல்ல மிச்சமிருந்த நான்கு வழிகளும் அடைபட்டுவிட்டனவா? எண் அட்டையை வைத்துக் கேட்டாள். மிதுனாவின் கை எழவே இல்லை.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கோகிலா மகளை அழைத்துப்போகக் காத்திருந்தாள். ஓடி வந்து சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரிபண்ணிக் குடுத்துட்டாங்களாமுங்களே! நீங்க எழுதுனதாலதான்னு ஹெச்.எம். சொன்னாங்க. கண்ணுல தண்ணி வரதே நின்னு போச்சுங்க. இப்ப வலிக்காதுல்லீங்க டீச்சர்?”

சுகந்தி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த எதிர்பார்ப்பைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. கோகிலா ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் மாதம். வெயில் காலையிலேயே சுள்ளென்று ஜன்னல் வழியே வகுப்புக்குள் விழுந்தது. ஆண்டு விழா ஒத்திகைக்காக வராந்தாவில் பறை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். மிதுனா ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. இடத்தை மாற்றலாம் என்று சுகந்தி அவள் முன் குனிந்தாள்; குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவ்வளவு வெளிச்சத்தில் மிதுனாவின் கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருக்க வேண்டும். அவை அகன்று, விழி முழுவதையும் கறுப்பாக்கிக்கொண்டிருந்தன. பறைச்சத்தம் ஒரு நொடி நின்றது. கறுப்பு மெல்லச் சுருங்கியது. மறுபடி அடித்தார்கள்; கறுப்பு விரிந்தது. அசையாத அந்த முகத்தில் அந்த இரண்டு கறுப்பு வட்டங்கள் மட்டும் பயந்த பிராணியைப் போல விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன.

சுகந்தி பாய்ந்து போய்த் தன் நோட்டை எடுத்தாள். தேதி போட்டாள். நேரம் எழுதினாள். ‘கண்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

நாடியை எழுதினாள், நாடியை எடுத்துக்கொண்டார்கள். வியர்வையை எழுதினாள், அதையும் எடுத்துக்கொண்டார்கள். கண்ணீரை எழுதினாள்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து, நான்காக, எட்டாகக் கிழித்து, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். மிதுனாவின் பெஞ்சுக்குப் போய்க் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“எங்க டீச்சர்?” என்றார் வகுப்பாசிரியர்.

“பாத்ரூமுக்குங்க சார். வயிறு சரியில்ல போல.”

ஸ்டோர் ரூமில் சத்தம் பாதிதான் கேட்டது. சுகந்தி கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மிதுனாவை மடியில் இழுத்து, இரண்டு தோள்களையும் அழுத்திப் பிடித்தாள். கொக்கியில் கை வைக்கவில்லை. புதிய பதிப்பு வந்த பிறகு, பட்டையைக் கழற்றினால் பள்ளி அலுவலகத்தில் எச்சரிக்கை விளக்கு எரியும். முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கறுப்பு வட்டங்கள் சுருங்கும்வரை பார்த்தபடி இருந்தாள். இருபது நிமிடம் ஆனது.

ஒத்திகை நடந்த அந்த வாரம் முழுக்கத் தினம் நான்கைந்து தடவை மிதுனாவுக்கு வயிறு சரியில்லாமல் போனது. வெள்ளிக்கிழமை வராந்தாவில் உமாராணி மறித்துக்கொண்டார்.

“என்ன சுகந்தி, இந்தப் புள்ளைய எப்பப் பாத்தாலும் கூட்டிட்டுப் போறீங்களாமே? மறுபடி ஏதாவது பிரச்சினையா? இருந்தாச் சொல்லுங்க, கம்பெனிக்கு எழுதிடலாம். உங்க பேருக்கு அங்க மதிப்பு இருக்கு.”

மிதுனாவின் முகம் அவருக்குத் தெரியாதபடி சுகந்தி அவளைத் தன் இடுப்போடு அணைத்துத் திருப்பிக்கொண்டாள்.

“ஒண்ணும் இல்லீங்க மேடம்” என்றாள். “நல்லாத்தான் இருக்கறா.”